வாசலுக்கு வரும் மெக்கானிக்

(குடியிருப்போர் நலச் சங்கம் ஒன்றின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பட்டிமன்றமும் பக்திச் சொற்பொழிவும் நடக்கிற மண்டபம் இது. இதே மேடையில் ஆயில் ஃபில்டரைப் பற்றிப் பேச ஒருவனைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அந்தத் துணிச்சலுக்கு முதலில் ஒரு நன்றி. பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் வகுப்பு எடுத்தவன் நான். கரும்பலகை இல்லாமல் பேசிப் பழக்கமில்லை. கை காற்றில் படம் போட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். பெட்ரோல் இன்றைக்கு லிட்டர் என்ன விலை? பாருங்கள், பைசா சுத்தமாகச் சொல்கிறீர்கள். சரி, உங்கள் காருக்குக் கடைசியாக எஞ்சின் ஆயில் மாற்றியது எந்த மாதம்? சத்தம் குறைந்துவிட்டது. பிரேக் ஆயில் மாற்றி எத்தனை வருடம் ஆகிறது? இப்போது ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். 'டியூனப்' என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிற வேலை போய்ச் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதன் பேரைச் சொல்லி இன்னும் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இன்றைய காருக்குச் செய்ய வேண்டிய வேலை வேறு. அந்த வேலையில் பெரும்பகுதியை உங்கள் வீட்டு வாசலிலேயே, உங்கள் கண் முன்னாலேயே முடித்துவிடலாம்.

அந்தக் காலத்து டியூனப்பை நேரில் பார்த்தவர்கள் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்? அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருந்த வீடுகளில் பிறந்தவர்களுக்குத் தெரியும். காலை ஏழு மணிக்கு சைக்கிளில் மெக்கானிக் வருவார். காக்கி நிக்கர், தோளில் ஒரு பை. பைக்குள் நாலு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், உப்புத்தாள், ஃபீலர் கேஜ். ஃபீலர் கேஜ் என்பது விசிறி மாதிரி விரிகிற மெல்லிய இரும்புத் தகடுகள். பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுவார். உள்ளே சி.பி. பாயின்ட் என்று இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள் தட்டித் தட்டிப் பிரியும். தட்டுகிற இடம் கருகிக் குழி விழுந்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்து, தகட்டை நடுவில் விட்டுப் பார்ப்பார். அம்பாசடருக்கு 0.015 அங்குலம் இடைவெளி இருக்க வேண்டும். தகடு வழுக்கிக்கொண்டும் போகக் கூடாது, சிக்கிக்கொண்டும் நிற்கக் கூடாது. லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். அதற்கு அளவுகோல் அவருடைய விரல்தான்.

பிறகு நாலு பிளக்கையும் கழற்றி, கரி சுரண்டி, இடைவெளியை 0.025 அங்குலத்துக்குத் தட்டி வைப்பார். கடைசியில் கார்புரேட்டர். எஞ்சினை ஓட விட்டு, ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே. காதைச் சாய்த்து நிற்பார். நம் அப்பா பக்கத்தில் காபி டம்ளரோடு நிற்பார். எஞ்சின் சத்தம் ஒரே சீராக வந்ததும் இருவர் முகமும் ஒரே நேரத்தில் மலரும்.

இந்த வேலை ஏன் தேவைப்பட்டது? பாயின்ட் தேயும். தேய்ந்தால் இடைவெளி மாறும். இடைவெளி மாறினால் தீப்பொறி பிறக்கிற நேரம் மாறும். நேரம் மாறினால் இழுவை போகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை யாராவது வந்து அதை மறுபடி நேராக்க வேண்டியிருந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதுகூட அதற்குள்ளே இருந்தது கார்புரேட்டர்தான்.

அப்புறம் என்ன ஆயிற்று? புகைதான் காரணம். 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. ஈயம் கலந்த பெட்ரோல் அதைக் கெடுத்துவிடும். எனவே 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல் மட்டும் என்றாயிற்று. அந்தக் கன்வர்ட்டர் ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமானால் காற்றும் பெட்ரோலும் சேரும் விகிதம் துல்லியமாக இருக்க வேண்டும். ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்பிக் கொண்டுவரக்கூடிய துல்லியம் இல்லை அது. கார்புரேட்டர் போனது, இன்ஜெக்டர் வந்தது. பாயின்ட் போனது, சென்சார் வந்தது. இன்று உங்கள் காரில் இருக்கும் இ.சி.யு. என்ற சின்னக் கணிப்பொறி, புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டுக் கேட்டு, ஓடும்போதே விகிதத்தைத் திருத்திக்கொண்டு போகிறது. ஒவ்வொரு விநாடியும் அது டியூன் செய்துகொண்டிருக்கிறது, ஐயா! அப்படியிருக்க, 'டியூனப் 2,999 ரூபாய்' என்று நோட்டீஸ் வருகிறதே, அதில் என்ன செய்வார்கள்? கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். பிளக் மாற்றுவோம், ஏர் ஃபில்டர் மாற்றுவோம், த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்வோம் என்று பொருளாகப் பதில் வந்தால் சரி. 'எஞ்சினை நல்லா செட் பண்ணிக் கொடுத்துடுவோம் சார்' என்று பதில் வந்தால், போனை வைத்துவிடுங்கள்.

அப்படியானால் இன்றைய காருக்கு என்னதான் வேலை? அது ஒரு புத்தகத்தில் அச்சாகி உங்களிடமே இருக்கிறது. கார் வாங்கிய அன்று கொடுத்தார்கள். நீங்கள் அதை டாஷ்போர்டுக்குள் வைத்து, அதன் மேல் பார்க்கிங் ரசீது, விபூதிப் பொட்டலம், மிட்டாய்க் காகிதம் எல்லாம் வைத்திருக்கிறீர்கள். அதன் கடைசிப் பக்கங்களில் ஒரு பட்டியல் இருக்கும். எத்தனை கிலோமீட்டரில் அல்லது எத்தனை மாதத்தில் எதை மாற்ற வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று. பல கார்களுக்கு எஞ்சின் ஆயில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், இரண்டில் எது முந்துகிறதோ அது.

எது முந்துகிறதோ! இந்த இரண்டு சொல்லில்தான் பல பேர் வழுக்கி விழுகிறார்கள். ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, என் வண்டி வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடுறதில்லை. கோயிலுக்குப் போவேன், காய்கறி வாங்கப் போவேன். பத்தாயிரம் ஓட மூணு வருஷம் ஆகும். அப்புறம் மாத்திக்கலாமே?" நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அவர் வண்டிக்குத்தான் ஆயில் சீக்கிரம் கெடும். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் ஆயிலோடு கலக்கிறது. எரியாத பெட்ரோலும் கொஞ்சம் இறங்குகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறி அரை மணி நேரம் ஓடினால் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். இரண்டு கிலோமீட்டரில் கோயில் வந்துவிட்டால்? சூடேறுவதற்குள் சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறோம். தண்ணீர் உள்ளேயே தங்குகிறது. சிலர் ஆயில் மூடியைத் திறந்தால் உட்புறம் பால் கலந்த காபி நிறத்தில் பசை ஒட்டியிருக்கும். அதுதான் அடையாளம். (டிப் ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால் விஷயம் பெரிது, கூலண்ட் ஆயிலில் கலக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.)

அந்தப் புத்தகத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. கடினமான சூழலில் ஓடும் வண்டிகளுக்குத் தனிப் பட்டியல். எது கடினமான சூழல்? குறைந்த தூரப் பயணம், நின்று நின்று போகும் போக்குவரத்து, தூசி, அதிக வெப்பம். இதைப் படித்துவிட்டு ஒரு மாணவன் வகுப்பில் எழுந்து, "சார், இது நம்ம ஊர் விலாசம்" என்றான். உண்மைதானே? சிக்னலில் நிற்கிற நேரத்தைக் கிலோமீட்டர் மீட்டர் எண்ணுவதில்லை. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. எனவே நகருக்குள்ளேயே சுற்றுகிற வண்டியை அந்தக் கடினமான பட்டியலில் சேர்த்துவிடுங்கள் என்பது என் கட்சி. கம்பெனி விளம்பரம் பெரிய எண்ணைத்தான் சொல்லும். செலவு குறைவாகத் தெரிய வேண்டுமல்லவா?

கெடுவதற்கு முன் பார்ப்பது நமக்குப் புதிய பாடமா? இல்லவே இல்லை. மதுரைப் பக்கத்துக்காரர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்குத் தெரியும். டி.வி. சுந்தரம் அய்யங்கார் பஸ் விட்ட காலத்தில், டி.வி.எஸ். பஸ் வருகிற நேரத்தைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி செய்துகொள்வார்கள் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. அந்த நேரம் தவறாமைக்கு டிரைவரின் வேகம் மட்டுமா காரணம்? பட்டறையும் காரணம். நடுவழியில் நின்றுவிட்ட பஸ்ஸை எந்த டிரைவராலும் நேரத்துக்குக் கொண்டுவர முடியாது. சாலையில் கிடக்கும் லாட ஆணிகளைப் பொறுக்க, காந்தம் கட்டிய வண்டி ஒன்றை ஓட்டினார்கள் என்றும் சொல்வார்கள். பஞ்சரை ஒட்டுவதைவிட ஆணியைப் பொறுக்குவது லாபம் என்ற கணக்கு! கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸைத் தானே ஓட்டித் தொடங்கியவர். ஒற்றை பஸ் வைத்திருப்பவனுக்கு அது நின்றால் அன்றைக்கு வருமானமே நின்றது. வண்டி கெட்ட பிறகு பார்க்கலாம் என்று அவர்களால் இருந்திருக்க முடியுமா? நாம் இருக்கிறோம், ஏனென்றால் நமக்கு ஆட்டோ கிடைக்கிறது.

இப்போது வாசலுக்கு வருவோம். மெக்கானிக் தம்பி பைக்கில் வந்து இறங்குகிறார். சைக்கிள் பையின் இடத்தில் பெரிய பெட்டி. எஞ்சின் ஆயில் மாற்றப் போகிறார். நீங்கள் என்ன செய்ய வேண்டும்? நாற்காலி போட்டு உட்காருங்கள். பாருங்கள். இது ஒன்றுதான் பெரிய சர்வீஸ் சென்டரின் கண்ணாடி அறையில் உங்களுக்குக் கிடைக்காத வசதி.

முதலில் ஆயில் டப்பா. மூடியின் சீல் உங்கள் முன்னால் உடைய வேண்டும். டப்பாவில் 5 டபிள்யூ 30 என்றோ 0 டபிள்யூ 20 என்றோ எழுதியிருக்கும். உங்கள் புத்தகத்தில் எது இருக்கிறதோ அதுதான் வேண்டும். 'இது அதைவிடக் காஸ்ட்லி ஆயில் சார்' என்பது பதிலாகாது. வண்டி சமதளத்தில் நிற்கிறதா? தூக்கினால் ஜாக்கியோடு ஸ்டாண்டும் வைக்கிறாரா? வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. அவர் போனால் நீங்கள் தடுக்க வேண்டும். எஞ்சினைக் கொஞ்சம் ஓட விட்டு, ஆயில் இளகியதும் அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றுவார். கறுப்பாக, நூல் பிடித்தாற்போல் இறங்கும். அவசரப்படாமல் சொட்டு நிற்கிற வரை விட வேண்டும். அந்த போல்ட்டில் ஒரு வளையம் இருக்கும், வாஷர். சில ரூபாய்ச் சாமான். பழையதையே போட்டு இறுக்கினால் இரண்டு மாதத்தில் தரையில் கறை விழும். புதிய வாஷரை மாட்டுகிறாரா என்று பாருங்கள். நான் ஒரு மெக்கானிக்கை எடை போடுவது இந்த வாஷரை வைத்துத்தான்.

அடுத்து ஃபில்டர். புதிய ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஒரு சொட்டு ஆயிலை விரலால் தடவிவிட்டு, கையாலேயே திருகி, முக்கால் சுற்று இறுக்குவார். ஸ்பேனரைப் போட்டு முக்கி முக்கி இறுக்குகிறவர் அடுத்த தடவை கழற்ற வரப்போகிற மனிதனைப் பற்றிக் கவலைப்படாதவர். ஆயிலைக் கொஞ்சம் குறைவாகவே ஊற்றி, எஞ்சினை ஓட்டி அணைத்து, ஐந்து நிமிடம் காத்திருந்து, டிப் ஸ்டிக்கைத் துடைத்து, விட்டு, எடுத்து, இரண்டு கோட்டுக்கும் நடுவே நிற்கிற வரை சேர்ப்பார். நிறைய ஊற்றினால் நல்லது என்று நினைக்காதீர்கள், கூடினாலும் கெடுதல்தான்.

பழைய ஆயில் என்ன ஆகிறது? அம்மா, இதைக் கேளுங்கள். கறையான் வராமல் இருக்க நிலைக்கதவில் பூசலாம் என்று ஒரு குடம் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அது 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு. சாக்கடையில் ஊற்றினாலும், வேப்ப மரத்தடியில் ஊற்றினாலும் நம் கிணற்றுக்குத்தான் வரும். கேனில் அடைத்து அவரே எடுத்துப் போய், உரிமம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுக்க வேண்டும். கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

சரி, ஆயில் மாற்றுவது எளிது. வண்டி 'மிஸ் அடிக்கிறது' என்றால் வாசலில் என்ன செய்ய முடியும்? இங்கேதான் எனக்கு உற்சாகம் வருகிறது.

டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. வண்டி சிக்னலில் நடுங்குகிறது. தம்பி வந்து ஸ்டீயரிங்குக்குக் கீழே கையை விட்டு, 16 முனை கொண்ட ஒரு சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகுகிறார். போனில் எழுத்து வருகிறது: பி 0301. முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று பொருள். பி 0302 என்றால் இரண்டாவது சிலிண்டர். இதைப் பார்த்ததும் அவசரக்காரர், "நாலு காயிலும் நாலு பிளக்கும் மாத்தணும் சார்" என்பார். பில் பல ஆயிரத்துக்குப் போகும். பொறுமைக்காரர் என்ன செய்வார் தெரியுமா? இன்றைய பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனிக் காயில். முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டுவார். இரண்டாவதை முதலாவதில். ஸ்கேனரில் அந்தப் பிழை எண்ணை அழித்துவிட்டு வண்டியை ஓட்டச் சொல்வார். மறுபடி விளக்கு எரிகிறது. இப்போது ஸ்கேனர் பி 0302 என்கிறது! நோய் காயிலோடு இடம் மாறிவிட்டது. எனவே கெட்டது அந்த ஒரு காயில்தான். எண் மாறாமல் பி 0301 என்றே நின்றால் காயில் நல்லது. பிளக்கையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும். செலவு? கால் மணி நேரம், ஒரு ஸ்பேனர். அன்று காதைச் சாய்த்துக் கேட்டவரின் பேரப்பிள்ளை இவர். கருவி மாறியிருக்கிறது, மூளை அதேதான். ஸ்கேனர் இடத்தைத்தான் சொல்லும். காரணத்தை மனிதன்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இனி பிரேக் ஆயில். இதைப் பற்றி நான் கத்தித்தான் பேசுவேன். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஊருக்குள் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. எப்போது தெரியும்? கொல்லிமலைக்குக் குடும்பத்தோடு போய்விட்டு, 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வரும்போது தெரியும். கீழ் கியரில் வராமல் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்குகிறோம். தட்டு சூடாகிறது, பேடு சூடாகிறது, சூடு ஆயிலுக்கு ஏறுகிறது, ஆயிலுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகிக் குமிழியாகிறது. திரவத்தை அமுக்க முடியாது. அதனால்தான் பிரேக் பிடிக்கிறது. குமிழியை அமுக்கலாம். மிதித்தால் மிதி தரை வரை போகும். வண்டி நிற்காது. உதகையிலிருந்து கல்லட்டி வழியாக இறங்குகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். பெரும்பாலான கார்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயில் மாற்றச் சொல்கிறது புத்தகம். சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம். நாம் சீட் கவருக்கு எத்தனை ஆயிரம் கொடுத்தோம்?

டயருக்குப் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பார்க்கிங்கிலேயே நிற்கிற வண்டிக்கு டயரின் காடி தேயாது, ரப்பருக்கு வயதாகும். மே மாத வெயிலில் திருச்சி நெடுஞ்சாலையில் காற்றுக் குறைந்த கிழட்டு டயர் வெடிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். காடி 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே ஓட்டக் கூடாது. ஸ்டெப்னியிலும் அந்த எண்ணைப் பாருங்கள், சிரிப்பு வரும். பேட்டரிக்கு ஒரு மல்டிமீட்டர் போதும்: வண்டி நிற்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், ஓடும்போது ஏறத்தாழ 14. அப்புறம், இப்போது பங்க்கில் போடுகிற பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால். பழைய வண்டிக்காரர்கள் பெட்ரோல் ஹோஸ்களில் வெடிப்பு, கசிவு இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் வாசலில் செய்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. வீல் அலைன்மென்டுக்கு மேடை வேண்டும். கிளட்ச் இறக்க, டைமிங் பெல்ட் மாற்ற, சஸ்பென்ஷன் புஷ் அழுத்த ஒர்க்‌ஷாப்தான். ஏர்பேக் பக்கம் கை வைக்கவே கூடாது. 'இங்கேயே முடிச்சுடலாம் சார்' என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். 'இது என்னால் இங்கே முடியாது' என்று சொல்கிற மெக்கானிக்கின் போன் நம்பரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உடனே ஒரு பயம் வரும்: வெளியில் காட்டினால் வாரண்டி போய்விடுமே? இதற்கு ஒரு வரலாறே உண்டு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. குற்றம் என்ன? உதிரிப் பாகங்களையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தது. வெளியில் பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது. அந்தப் பழுதால் ஏற்பட்ட சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் அந்த ஆணை சொன்னது. கம்பெனிகள் வழக்குக்குப் போயின, அது தனிக் கதை. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை, பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணைய வாசலையே திறந்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறதல்லவா?

ஆனாலும் என் யோசனையைக் கேட்டால், வாரண்டி இருக்கும் வரை கம்பெனி சென்டருக்கே போங்கள். உரிமை நம் பக்கம் இருந்தாலும், அதை நிலைநாட்ட நுகர்வோர் நீதிமன்றப் படி ஏறுவது நீங்கள்தான். போகும்போது புத்தகத்தைக் கையில் கொண்டு போங்கள். நண்பர் ஒருவர் சர்வீஸ் பில்லைக் காட்டினார். ஒரு சென்டர், பெயர் வேண்டாம். எஞ்சின் டிரெஸ்ஸிங், கிருமிநாசினி தெளிப்பு, எஞ்சின் ஃப்ளஷ், கண்ணாடிக்கு ஏதோ பூச்சு. பில்லில் பாதி வரிகள் புத்தகத்தில் எங்குமே இல்லை. புத்தகத்தில் இருந்த பிரேக் ஆயில் பில்லில் இல்லை! அவர் கேட்டதற்கு, 'கஸ்டமர் கேட்கலையே சார்' என்றார்களாம்.

எப்போது செய்வது, தேதி நினைவில் நிற்பதில்லையே என்பவர்களுக்கு நம் காலண்டரே வழி சொல்கிறது. ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அது எந்தக் காலம்? வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கிற காலம். அதற்கு முந்தின வாரமே வைப்பர் பிளேடு, டயர், பிரேக், விளக்கு, பேட்டரி பார்த்துவிடுங்கள். பூஜை அன்று மெக்கானிக்கும் தன் ஸ்பேனருக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருப்பார், வரமாட்டார். இன்னொன்று கத்திரி வெயிலுக்கு முன்னால், ஏப்ரலில்: கூலண்ட், ஏ.சி. ஃபில்டர், ஃபேன், டயர் காற்று. வருடத்துக்கு இரண்டு தடவை. போதும்.

மழை என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 2015 டிசம்பரில் சென்னையில் தண்ணீர் வடிந்த மறுநாள், எத்தனை பேர் 'ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்' என்று சாவியைத் திருப்பினார்கள்! அந்த ஒரு திருகலில்தான் பல எஞ்சின்கள் போயின. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்துப் போங்கள். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மக்கள் கார்களை மேம்பாலத்தில் கொண்டு போய் வரிசையாக நிறுத்தினார்களே, ஊரே வேடிக்கை பார்த்தது. நான் அதைத் திட்டமிட்ட பராமரிப்பு என்றே சொல்வேன்.

சங்கப் பொறுப்பாளர்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் அடுக்குமாடிகள் பலவற்றின் கேட்டில், 'உள்ளே வாகனப் பழுது பார்க்கக் கூடாது' என்று பலகை இருக்கிறது. ஏன் வைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். எவரோ ஒருவர் தரையெல்லாம் ஆயில் சிந்திவிட்டுப் போயிருப்பார். அதற்காக எல்லோரையும் வெயிலில், சாலையோரத்தில், லாரி உரசிப் போகிற இடத்தில் படுத்து வேலை செய்யச் சொல்லலாமா? போன மாதம் ஒரு தம்பி கேட்டுக்கு வெளியே தார்ச்சாலையில் அட்டையை விரித்து, முட்டி சுட்டுப் போகப் போக வேலை பார்த்ததைக் கண்டேன். பலகையை மாற்றி எழுதுங்கள்: தட்டு வைக்காமல் ஆயில் இறக்கக் கூடாது, சிந்தினால் துடைக்க வேண்டும், காலை எட்டு முதல் மாலை ஆறு வரை, பார்வையாளர் பார்க்கிங்கில் ஒரு மூலை. ஒரு பிளக் பாயின்ட், ஒரு குடம் தண்ணீர். செக்யூரிட்டி அண்ணனிடம் அவர் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். இதற்கு என்ன செலவு? இன்றைய கூட்டத்திலேயே தீர்மானம் போடலாமே!

கடைசியாக, மின்சாரக் கார் வாங்கியவர்கள் 'எங்களுக்கு இதெல்லாம் கிடையாது' என்ற முகத்தோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். எஞ்சின் ஆயில் கிடையாது, பிளக் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். பிரேக் ஆயில் உண்டு. டயர் உண்டு, வண்டி கனம் என்பதால் சீக்கிரம் தேயவும் கூடும். ஏ.சி. ஃபில்டர் உண்டு, பல வண்டிகளில் கூலண்ட் உண்டு, விளக்குக்கும் பூட்டுக்கும் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரியும் உண்டு. அது செத்தால் பெரிய பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தும் வண்டி எழுந்திருக்காத நிலை வரும். ஆரஞ்சு நிற வயர்களை மட்டும் பயிற்சி இல்லாத எவரும், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், தொடக் கூடாது. அதில் போவது நூற்றுக்கணக்கான வோல்ட்.

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இரண்டாவது வரிசையில் ஐயா ஒருவர் ஆரம்பத்திலிருந்தே தன் சர்வீஸ் பில்லை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். முதல் கேள்வி அவருடையது. மைக்கை அவரிடம் கொடுங்கள்.